பெர்டானா வாங்கலாமா?

பெர்டானா என்ற பெயரில் புரோட்டோன் இரண்டு வெவ்வேறு கார்களை விற்றது. மிட்சுபிஷி எட்டெர்னாவைத் தழுவிய முதல் பெர்டானா 1995-இல் வந்து 2010-இல் நின்றது. ஹோண்டா அக்கோர்டைத் தழுவிய இரண்டாவது, 2016-இல் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தது. இன்று அதுவும் தயாரிக்கப்படுவதில்லை.

பழைய வி6 மலிவாகக் கிடைக்கிறதே என்று பலர் மயங்குகிறார்கள். அமைச்சர்கள் ஏறிய கார் அல்லவா! ஆனால், பராமரிப்புச் செலவு அதிகம் என்று கூறித்தான் 2008-இல் திரெங்கானு மாநில அரசு மெர்சிடிஸுக்கு மாறியது. மாநில அரசே அலுத்துக்கொண்ட செலவை ஒரு குடும்பத் தலைவர் தாங்குவாரா?

டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்று ரசீதோடு கேளுங்கள். பட்டறைக்காரரின் வாய்வார்த்தை போதாது. ஆட்டோ கியர், என்ஜின் சூடான பிறகுதான் தன் குறையைக் காட்டும். ஆகவே அரை மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். ஸ்பார்க் பிளக் ஆறு. பின்வரிசை மூன்றையும் எட்ட, மேலே உள்ள காற்றுக் குழாயையே கழற்ற வேண்டும், கூலி கூடும். "புஸ்பாகோமில் தேறிவிட்டது" என்பார் விற்பவர். உரிமை மாற்றச் சோதனை என்ஜின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் சரிபார்க்கும். கியர் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லாது.

வீட்டுக்கு ஒரே கார் என்றால், டைமிங் செயின் கொண்ட பிந்தைய 2.0 லிட்டர் பெர்டானாவே மேல். 2.4 லிட்டர் வேண்டுவோர் சாலை வரியையும் கணக்கில் கொள்க: தீபகற்பத்தில் தனியார் காருக்கு ஆண்டுக்கு 734 ரிங்கிட். பழைய வி6-க்கு 379. 1.6 லிட்டர் காருக்கோ 90 ரிங்கிட்தான்.