சுழலும் தட்டின் தாமதம்

பள்ளி ஆசிரியர்களின் வீடுகளிலும், கிராமம் கிராமமாகச் சென்று விவரம் சேகரிக்கும் கள ஊழியர்களின் வீடுகளிலும் கணிப்பொறி இன்று சாதாரணமான பொருளாகிவிட்டது. மதிப்பெண் பட்டியல்கள், வினாத்தாள்கள், குடும்பக் கணக்கெடுப்புத் தாள்கள், பல ஆண்டுகளாகச் சேர்த்த புகைப்படங்கள் ஆகிய யாவும் அதில் அடங்கியிருக்கின்றன. சில ஆண்டுகள் ஒழுங்காக உழைத்த இந்த யந்திரம் ஒரு நாள் தயங்கத் தொடங்குகிறது. விசையை அழுத்திய பின்னர் திரை முழுவதும் தெளிவதற்குப் பத்து நிமிஷம் ஆகிறது. ஒரு கோப்பைத் திறக்கச் சொன்னால் எங்கோ யோசித்துக்கொண்டு நிற்கிறது. "பழையதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்று பலர் பொறுத்துக்கொள்கின்றனர். வேறு சிலர், யந்திரத்தைச் சுத்தம் செய்வதாகக் கூறும் ஏதேனும் ஒரு நிரலைக் கொண்டுவந்து ஓட்டுகின்றனர். இவ்விரண்டும் சில சமயங்களில் ஆபத்தானவை. ஏனெனில் கணிப்பொறியின் சேமிப்புத் தட்டில் ஏற்படும் தாமதம் இரு வகைப்படும். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோல இருந்தாலும், ஒன்றுக்குரிய சிகிச்சை மற்றொன்றுக்கு விஷமாகும்.

கடைகளில் 'ஹார்ட் டிஸ்க்' என்று வழங்கும் இச்சாதனத்தை இங்கே வன்தட்டு என்று குறிப்போம். அது ஏன் தாமதிக்கிறது என்பதை அறிய, அதன் மூதாதையைச் சற்று நோக்குவது பயன் தரும். நம் நாட்டில் அந்த மூதாதை முதன்முதலில் வந்திறங்கிய இடம், அன்று கல்கத்தா என்று வழங்கிய கொல்கத்தா நகரமே ஆகும்.

அந்நகரின் வடக்கே, பாரக்பூர் டிரங்க் சாலையில் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் அமைந்திருக்கிறது. பேராசிரியர் பி. சி. மகலனோபிஸ் 1931-இல் தோற்றுவித்த இந்நிறுவனம், 1950-இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வின் கணக்கு வேலைகளை ஏற்று நடத்தியது. நாடெங்குமுள்ள கிராமங்களிலிருந்து வந்து குவிந்த விவரங்களைக் கையால் கூட்டிக் கழித்து முடிப்பது பெரும் பாடாக இருந்தது. 1955-இல் இங்கிலாந்திலிருந்து எச்.இ.சி.-2எம் என்னும் கணிப்பொறி அங்கு வரவழைக்கப்பட்டது. இந்தியாவில் நிறுவப்பெற்ற முதல் இலக்கமுறைக் கணிப்பொறி என்ற பெருமை அதற்கு உண்டு. காந்தப் பூச்சுப் பூசிய, ஓயாது சுழலும் ஓர் உலோக உருளையே அதன் நினைவகம். அவ்வுருளையில் 1024 எண்களைப் பதிந்து வைக்கலாம். ஆங்கிலத்தில் இதற்கு 'டிரம்' என்று பெயர். மொழிபெயர்ப்பாளனுக்கு முதலில் முரசு என்ற சொல்தான் நினைவுக்கு வரும். ஆனால் இது கொட்டுவதற்குரியதன்று ஆகையால் உருளை என்பதே பொருத்தமாகும்.

அடுத்து, 1958-இல் சோவியத் நாட்டிலிருந்து 'உரால்' என்னும் யந்திரம் அதே நிறுவனத்துக்கு வந்தது. அதன் நினைவகமும் 1024 எண்கள் கொண்ட உருளையே. அவ்வுருளை நிமிஷத்துக்கு 6000 தடவை, அதாவது வினாடிக்கு 100 தடவை சுழன்றது. உரால் வினாடிக்குச் செய்த கணக்குகளும் 100 தான். இந்த ஒற்றுமை தற்செயலானதன்று. அதனுள்ளிருந்த மின்குழல்கள் அதைவிட விரைந்து வேலை செய்ய வல்லவை. எனினும் அடுத்து வேண்டிய எண், உருளையுடன் சுற்றிக்கொண்டு படிக்கும் தலையின் அடியில் வந்து சேரும் வரை யந்திரம் முழுவதும் காத்து நிற்க வேண்டியிருந்தது. திருவிழாவில் குடைராட்டினத்தின் அருகே நிற்கும் ஒருவர், நீலக் குதிரையில் அமர்ந்த தம் குழந்தை மறுபடி எதிரே வரும் வரை காத்திருக்கத்தானே வேண்டும்? அவர் எத்துணை அவசரப்பட்டாலும் ராட்டினம் தன் சுற்றை முடித்தாக வேண்டும்.

இந்தக் காத்திருப்பு இன்றும் ஒழியவில்லை. மேசைக் கணிப்பொறியிலுள்ள வன்தட்டு பெரும்பாலும் நிமிஷத்துக்கு 7200 தடவை சுழல்கிறது; வினாடிக்கு 120 சுற்று. 1958-இல் வந்த உருளையைவிட ஐந்தில் ஒரு பங்கே அதிக வேகம்! ஆனால் 1024 எண்கள் இருந்த இடத்தில், ஒரு டெராபைட் கொள்ளும் தட்டில் லட்சம் கோடி பைட்டுகள் குடியேறிவிட்டன. கொள்ளளவு மலையாக வளர்ந்தது. சுழற்சியோ ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கிறது. வன்தட்டின் குறைபாடு அனைத்தும் இந்தப் பொருத்தமின்மையிலிருந்து பிறப்பதே.

ஒரு சுற்றுக்கு ஆகும் காலம் 8.3 மில்லிவினாடி. மில்லிவினாடி என்பது வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. வேண்டிய இடம் தலையின் கீழ் வருவதற்குச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது சுமார் 4 மில்லிவினாடி செல்லும். அதற்கு முன்னர், தலையைத் தாங்கும் கை உரிய வட்டத்துக்கு நகர வேறு சுமார் 9 மில்லிவினாடி ஆகும். ஆக, ஓரிடத்தை அடைய 13 மில்லிவினாடி. வினாடிக்கு ஏறத்தாழ 75 இடங்களுக்கு மேல் தட்டினால் போய்வர இயலாது. ஒவ்வோர் இடத்திலும் 4 கிலோபைட் அளவே எடுப்பதாயின், வினாடிக்குக் கிடைப்பது 300 கிலோபைட் மட்டுமே. அதே தட்டு, ஒரே தொடர்ச்சியாக அமைந்த பெரிய கோப்பைப் படிக்கும்போது வினாடிக்கு 100 மெகாபைட்டுக்கு மேல் தருகிறது. வேலை சிதறியிருந்தால் வேகம் 300 மடங்குக்கு மேல் குறைகிறது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். தட்டு சிறிதும் பழுதுபடவில்லை, அலைச்சல்தான் மிகுந்துவிட்டது. இதுவே முதல் வகைத் தாமதம்.

இரண்டாவது வகை வேறு. தட்டின் மேற்பரப்பில் ஓரிடம் நலிந்துவிட்டது என்று கொள்வோம். தலை அவ்விடத்தைப் படிக்கிறது. கிடைத்தது பிழையானது என்று உள்ளிருக்கும் சோதனை காட்டுகிறது. உடனே தட்டு தோல்வியை ஒப்புக்கொள்வதில்லை. ஒரு சுற்றுக் காத்திருந்து மீண்டும் படிக்கிறது. பின்னும் படிக்கிறது, தலையைச் சற்று விலக்கிப் படிக்கிறது. ஒவ்வொரு முயற்சிக்கும் குறைந்தது ஒரு சுற்று. நூறு முயற்சிகள் செய்தால் முக்கால் வினாடிக்கு மேல் கழிந்துவிடும். வீட்டு உபயோகத்துக்கென்று செய்யப்படும் தட்டுகள் ஒரே இடத்துக்காகப் பல வினாடிகள்கூட இவ்வாறு போராடும். கடைசியில் படித்துவிட்டால், பயனாளருக்குத் தெரிவது கோப்பு தாமதமாகத் திறந்தது என்பது மட்டுமே. இறக்கும் தருவாயிலுள்ள தட்டு தன் நோயைத் தாமதம் என்னும் ஒரே மொழியில் சொல்லிக்கொண்டிருக்கிறது; நாம் அதைச் சோம்பல் என்று எண்ணிக்கொள்கிறோம்.

இனி, தென் கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் வட்டாரத்தில் வசிக்கும் ஓர் ஆசிரியரின் வீட்டுக் கணிப்பொறி இவ்வாறு தயங்குகிறது என்று வைத்துக்கொண்டு, அவர் என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

முதற்கண் அவர் எதையும் திருத்த முற்படலாகாது. இழக்க முடியாத கோப்புகளை, அவை எவையென்று அவருக்கே தெரியும், வேறொரு தட்டுக்கோ பென்டிரைவுக்கோ நகல் எடுத்துவிட வேண்டும். நோய் எதுவென்று தெரியாத நிலையிலும் தீங்கு செய்யாத ஒரே சிகிச்சை இது.

பின்னர் காதைப் பயன்படுத்தலாம். அலைச்சல் மிகுந்த தட்டு, தொடர்ச்சியாக மெல்லிய கொறிப்பு ஓசை எழுப்பும். சீரான இடைவெளியில் 'டக், டக்' என்று ஒரே ஒலி திரும்பத் திரும்ப வந்தால், தலை தன் இருப்பிடத்தை அறியமுடியாமல் திணறுகிறது என்று கொள்ளலாம். அத்தகைய யந்திரத்தை உடனே நிறுத்திவிடுவது நலம்.

ஓசை இல்லையெனில், விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' தோன்றும். அதில் தட்டுக்குரிய பக்கத்தில் இரண்டு அளவுகளைச் சேர்த்து நோக்க வேண்டும். தட்டு எத்தனை சதவிகித நேரம் வேலையில் ஈடுபட்டிருக்கிறது என்பது ஒன்று. எவ்வளவு தரவு உண்மையில் நகர்கிறது என்பது மற்றொன்று. உழைப்பு 100 சதவிகிதமாகவும், நகரும் தரவு சிறிய அளவாகவும் இருந்து, ஏதேனும் ஒரு நிரலின் பெயர் பட்டியலின் மேலே நின்றால், அது பெரும்பாலும் அலைச்சலே. ஆனால் உழைப்பு 100 சதவிகிதமாக நிற்கும்போதே நகரும் தரவு சுழியத்துக்கு வீழ்ந்து, பதிலுக்கு ஆகும் சராசரிக் காலம் ஆயிரக்கணக்கான மில்லிவினாடிகளுக்கு ஏறினால், தட்டு ஏதோ ஓரிடத்துடன் போராடுகிறது என்று ஐயுற வேண்டும்.

ஐயத்தைத் தீர்ப்பது, தட்டு தன்னைப் பற்றித் தானே எழுதிவரும் 'ஸ்மார்ட்' என்னும் குறிப்பேடாகும். 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' போன்ற இலவச நிரல்கள் அதைக் காட்டும். அதிலுள்ள பல வரிகளில் நான்கு போதும். 5-ஆம் எண் வரி, கெட்டுப்போனமையால் மாற்று இடம் அளிக்கப்பட்ட பகுதிகளைக் கூறும். 197-ஆம் வரி, படிக்க இயலாமல் தீர்ப்புக்காகக் காத்திருக்கும் பகுதிகளையும், 198 திருத்தவே முடியாதவற்றையும் குறிக்கும். இவ்வெண்ணிக்கைகள் சுழியமாக இருப்பது நல்லது; வாரத்துக்கு வாரம் ஏறுவது மிகக் கெட்டது. எழுதும் நடுவில் மின்சாரம் நின்றுபோனால் 197-இல் ஒன்றிரண்டு தோன்றி, அவ்விடத்தில் மறுபடி எழுதியதும் மறைவதுண்டு. ஆகவே ஓர் எண்ணைக் கண்ட மாத்திரத்தில் அஞ்ச வேண்டியதில்லை. அதன் போக்கையே நோக்க வேண்டும். மேற்கூறிய நிரல் இவ்வெண்களைப் பதினாறடிமான முறையில் காட்டும் வழக்கமுடையது. அங்கே 10 என்று காண்பது நமது 16 ஆகும். கணித ஆசிரியர்களுக்கு இதில் ஒரு பாடமே அடங்கியிருக்கிறது.

நான்காவதான 199-ஆம் வரி தனி வகை. இது ஏறினால் குற்றவாளி தட்டன்று, அதனைத் தாய்ப்பலகையோடு இணைக்கும் கேபிளே. வழியில் சிதைந்த தரவை மறுபடி மறுபடி அனுப்ப நேர்வதால் தாமதம் உண்டாகிறது. 2001-இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியில் இது விசித்திரமான விளைவை உண்டாக்கியது. இத்தகைய பிழைகள் ஆறுக்கு மேற்பட்டதும் அது படிப்படியாக வேகத்தைக் குறைத்து, இறுதியில் ஒவ்வொரு தரவையும் மையச் செயலியே சுமந்து செல்லும் பழைய முறைக்கு இறங்கிவிடும்; தானாக மீண்டும் ஏறாது. நல்ல தட்டுகள் பல இதனால் வீணே குற்றம் சுமந்தன. கேபிளின் விலை மிகக் குறைவு. சாந்தினி சவுக் கடைவீதியில் எளிதில் கிடைக்கும். தட்டை மாற்றுமுன் இதை மாற்றிப் பார்ப்பது அறிவுடைமை.

குறிப்பேடு தூய்மையாக இருந்தால், நோய் அலைச்சலே என்று துணியலாம். அதற்குரிய பரிகாரங்கள் அநேகமாக யாவரும் அறிந்தவை. யந்திரம் தொடங்கும்போதே தாமும் எழுந்து ஓடும் தேவையற்ற நிரல்களை நிறுத்தலாம். தட்டில் போதிய காலியிடம் விடலாம். சிதறிய கோப்புகளை ஒழுங்குபடுத்தலாம். இவற்றைவிட முக்கியமான ஒன்று பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. நினைவகம் 4 ஜிபி அளவே இருந்து, திறந்த நிரல்கள் அதற்கு மேல் கேட்டால், யந்திரம் மிகுதியைத் தட்டில் எழுதியும் எடுத்தும் சமாளிக்கிறது. உராலைப்போல அதுவும் சுழலும் பொருளையே நினைவகமாகக் கொண்டு திண்டாடுகிறது. அங்கே தேவை கூடுதல் நினைவகமே.

குறிப்பேட்டில் நோய் தெரிந்தால் மேற்கூறிய ஒழுங்குபடுத்தல் அறவே கூடாது. அது தட்டின் ஒவ்வொரு மூலையையும் படித்து எழுதச் செய்து, எஞ்சிய உயிரையும் போக்கிவிடும். தட்டு முழுவதையும் சோதிக்கும் விண்டோஸ் கட்டளையும் அவ்வாறே. முழு நகல் எடுப்பதே உடனடி வேலை. நலமான தட்டாயின், வினாடிக்கு 100 மெகாபைட் வீதம், ஒரு டெராபைட்டை மூன்று மணி நேரத்துக்குள் நகல் எடுக்கலாம். நோயுற்ற தட்டு நாட்கணக்கில் இழுக்கும். 'டிடிரெஸ்க்யூ' என்னும் இலவச நிரல் இதற்கென்றே அமைந்தது. அது எளிதில் வருபவற்றை முதலில் வாரிக்கொண்டு, பிடிவாதமான இடங்களைப் பின்னர் தனியே அணுகுகிறது. நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

தட்டைக் குளிர்ப்பெட்டியில் சில மணி நேரம் வைத்தால் உயிர் பெறும் என்றொரு கதை நெடுநாளாக உலவுகிறது. கொல்கத்தாவின் ஆடி, ஆவணி மாதக் காற்றில் குளிர்ந்த உலோகத்தை வெளியே எடுத்தால் அது வியர்க்கும் என்பதைத் தண்ணீர்க் குவளையைப் பார்த்தவர் யாவரும் அறிவர். சாதாரணத் தட்டுகளில் காற்றழுத்தம் சமமாவதற்கு ஒரு சிறு துளை உண்டு. உள்ளே இருக்கும் ஈரக் காற்றும் நீராகப் படியும். படிக்கும் தலையோ தட்டுக்கு மேல் சில நானோமீட்டர் உயரத்தில், மயிரிழைத் தடிப்பில் ஏறத்தாழ பதினாயிரத்தில் ஒரு பங்கு இடைவெளியில் மிதக்கிறது. அங்கே ஒரு நீர்த்துளி பாறைக்குச் சமம். மூடியைத் திறந்து பார்ப்பதும் இதே காரணத்தால் விலக்கத்தக்கது.

புதிதாக வாங்குவோர், சுழலும் பகுதியே இல்லாத 'எஸ்.எஸ்.டி.' என்னும் திண்மச் சேமிப்பைத் தேர்ந்துகொள்ளலாம். அங்கே காத்திருக்கச் சுற்று இல்லை. கோப்புகள் சிதறியிருப்பதால் பெருங்கேடும் இல்லை. ஆகவே ஒழுங்குபடுத்தும் நிரல் வேண்டுவதில்லை. அது எழுதித் தேயும் பகுதிகளின் ஆயுளைக் குறைக்கவே செய்யும். எனினும் எஸ்.எஸ்.டி. பழுதாகும்போது, வன்தட்டைப் போல நெடுநாள் தயங்கி எச்சரிக்காமல் திடீரென்று ஓய்ந்துவிடுவதுண்டு. நகல் எடுக்கும் வழக்கம் அங்கும் தேவை.

பழைய தட்டைப் பழைய சாமான்காரரிடம் போடுமுன் ஒரு வேலை எஞ்சியிருக்கிறது. கோப்பை அழிப்பது பட்டியலிலிருந்து அதன் பெயரை நீக்குவதேயன்றி, எழுத்து தட்டிலேயே கிடக்கும். மாணவர்களின் விவரங்களும், கள ஆய்வில் குடும்பங்கள் நம்பிக் கூறிய செய்திகளும் அதில் இருக்கக்கூடும். தட்டு இன்னும் இயங்குமாயின், முழுவதும் ஒரு தடவை மேலெழுதிவிட வேண்டும். இயங்காதாயின் தட்டுகளையே துளையிட்டுச் சிதைத்துவிடலாம். ஆனால் மடிக்கணினியிலுள்ள சிறிய தட்டுகள் பல கண்ணாடியால் ஆனவை, நொறுங்கித் தெறிக்கும். தடித்த துணியில் நன்கு சுற்றிக்கொண்டு, கண்ணுக்குக் காப்பு அணிந்து அதைச் செய்ய வேண்டும்.