மருந்து குறைந்தால் ஆபத்து குறையாது

செஞ்சி, மேல்மலையனூர் பக்கம் மல்லாட்டை காய் பிடிக்கும் பருவத்தில் விவசாயிக்கு இரவுத் தூக்கம் கிடையாது. காட்டுப்பன்றிக் கூட்டம் ஒருமுறை இறங்கினால் அரைக் காணி ஏர் ஓட்டியதுபோல் ஆகிவிடும். அந்த ஆற்றாமையில்தான் பரணில் கிடக்கும் தாத்தா காலத்து நாட்டுத் துப்பாக்கி நினைவுக்கு வருகிறது. "கொல்ல வேணாம், சத்தம் கேட்டாலே ஓடிடும், மருந்தைக் குறைச்சுக் கெட்டிச்சா போதும்" என்று யாராவது தைரியம் சொல்வார்கள். அந்தக் 'குறைச்சு' என்ற சொல்தான் எனக்குப் பயம் தருகிறது.

இதே நம்பிக்கை வசதியுள்ள வீடுகளிலும் உண்டு. வேட்டைக்கு அனுமதி இருந்த காலத்தில் வாங்கிய பெரிய ரைபிளை இன்றும் உரிமத்தோடு வைத்திருக்கும் குடும்பங்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. அதற்கான தோட்டா எளிதில் கிடைக்காது, கிடைத்தாலும் விலை அதிகம். அமெரிக்காவில் சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூட்டை வீட்டிலேயே மறுபடி நிரப்பி, பயிற்சிக்கென்று மருந்தைக் குறைத்துப் போடுவது சட்டம் அனுமதிக்கும் பொழுதுபோக்கு. காணொளியில் பார்க்கும்போது சமையல் குறிப்புபோல எளிதாகத் தெரியும்.

உள்ளே நடப்பது வேறு. பெரிய கூட்டில் மருந்து கொஞ்சமாக இருந்தால் மீதி இடம் காலி. துப்பாக்கியைச் சாய்க்கும் பக்கமெல்லாம் மருந்து சரியும். அதனால் ஒவ்வொரு முறையும் ஒரே சீராகப் பற்றாது. விசை போதாமல் குண்டு குழலின் நடுவிலேயே சிக்கிக்கொள்ளலாம். சத்தம் மந்தமாக வந்ததைக் கவனிக்காமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் வெடிக்கும். கூட்டில் இடம் மிச்சமிருப்பதால், கவனம் பிசகி இரண்டு முறை மருந்து போட்டாலும் வழியாது, கண்ணுக்கும் தெரியாது. மெதுவாக எரியும் சில மருந்துகள் அளவு மிகக் குறைந்தால் எதிர்பாராத அழுத்தத்தை உண்டாக்கியதும் உண்டு. நாட்டுத் துப்பாக்கியின் கதை இன்னும் மோசம். சோதனையே காணாத குழாய் அது. மருந்துக்கும் ரவைக்கும் நடுவே இடைவெளி விழுந்தாலே பிளந்துவிடக்கூடும். சுடுகிறவரின் முகமும் கையும் குழலுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன.

உடம்புக்கு வரும் ஆபத்து அப்படியென்றால், சட்டத்தின் ஆபத்து அதைவிட நீளமானது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, தோட்டா தயாரிக்கத் தனி உரிமம் வேண்டும் என்கிறது. துப்பாக்கி வைத்திருக்கும் உரிமம் அதற்கு ஈடாகாது. தோட்டாவின் பாகங்களும், அதைச் செய்யும் கருவிகளும்கூட 'அம்யூனிஷன்' (ammunition) என்ற சொல்லின் சட்ட வரையறைக்குள் வருகின்றன. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு உரிமமின்றித் தயாரித்தால் குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் சிறை. மருந்தின் அளவு குறைவு என்பதற்காக அந்தக் குற்றம் சிறியதாகிவிடாது.

பன்றியைச் சுட்டால் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். தன் உயிரையோ பிறர் உயிரையோ காக்க நல்லெண்ணத்தோடு கொன்றால் குற்றமில்லை என்று அதன் 11ஆம் பிரிவு சொல்கிறது. பயிரைக் காப்பதற்கு அந்த விலக்கு இல்லை. ஆனால் விவசாயி வழியற்றவர் அல்ல. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் நுழையும் பன்றிகளை வனத்துறையே சுடலாம். 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் என்றால் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 1 கிலோமீட்டருக்குள் இரண்டுமே இல்லை. எனவே உங்கள் நிலம் காப்புக்காட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பதை மனுவில் எழுதுங்கள். சேதத்தைப் படமெடுத்து, சர்வே எண்ணோடு கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். பயிர்க் காவலுக்கு, குழல்வாய் வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் கேட்டு மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்க ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவே இடம் தருகிறது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்கலாம், 18ஆம் பிரிவின்கீழ் மேல்முறையீடு செய்யலாம். அந்த உரிமம் கிடைத்தாலும் அது காவலுக்குத்தான், வேட்டைக்கு அல்ல.

பலருக்குத் தெரியாத இன்னொன்று. உரிமம் பெற்ற அப்பா இறந்ததும் அவருடைய துப்பாக்கி பிள்ளைகளுக்குத் தானாகச் சொந்தமாவதில்லை. அதைத் தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவு. பிறகு வாரிசுகளில் ஒருவர், மற்றவர்களின் சம்மதத்தோடு, தன் பெயரில் உரிமம் கேட்கலாம். பாசத்தால் பரணில் வைத்திருந்த பொருள் பத்தாண்டு கழித்து வழக்காக முளைப்பது கொடுமை.

வழக்கு என்றால் முதலில் சந்தேகப்படுவது யாரை? நரிக்குறவர், இருளர் குடும்பங்களைத்தான். பொய் வழக்குகளை எதிர்த்து நிற்கத் திண்டிவனத்தில் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் என்று ஒன்று தேவைப்பட்டதே அதற்குச் சாட்சி. கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும். 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒளிப்பதிவு செய்தாக வேண்டும். உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்ததாக ஆயுதச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்கீழ் வழக்குத் தொடர மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி தேவை. அது வாங்கப்பட்டதா என்பது வழக்கறிஞர் கேட்க வேண்டிய கேள்வி. வழக்கறிஞருக்குப் பணமில்லையென்றால் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணையத்தை அழைக்கலாம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் உதவி இலவசம். 2023 முதல் நரிக்குறவரும் பழங்குடியினர் பட்டியலில் இருக்கிறார்கள்.

உரிமமில்லாத துப்பாக்கி வீட்டில் இருந்தால், மலைக் கிராமங்களில் காவல்துறை அவ்வப்போது தருகிற 'தாமாக ஒப்படைக்கும்' வாய்ப்பைத் தவறவிடாதீர்கள். தனியாகப் பையில் போட்டுப் பேருந்தில் கொண்டுபோக வேண்டாம். முதலில் சட்டப் பணிகள் குழுவின் வழக்கறிஞரிடம் சொல்லுங்கள், அவரோடு போங்கள். மருந்து கெட்டித்த நிலையில் இருப்பதாகச் சந்தேகம் இருந்தால் தொடவே வேண்டாம். இருக்கும் இடத்துக்கே காவலரை வரச் சொல்லுங்கள். ஒப்படைத்த பிறகு தரும் ரசீதில் தேதியும் முத்திரையும் விழுந்திருக்கின்றனவா என்று, நிலையத்தைவிட்டு வெளியே வருமுன் அங்கேயே நின்று படித்துப் பாருங்கள்.