வளரும் மூளையும் மாறும் ஏற்பிகளும்

மரபணு என்றதும் அதை மாற்றவியலாத ஒன்றாகக் கருதும் பழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. பிள்ளையின் அறிவும் இயல்பும் கருவிலேயே எழுதி முடிக்கப்பட்டுவிட்டன எனவும், வளர்ப்பினால் ஆவது ஒன்றுமில்லை எனவும் சிலர் சொல்வதைக் கேட்கிறோம். இதற்கு நேர்மாறாக, அனைத்தும் வளர்ப்பே என்பாரும் உளர். வளரும் நரம்பணுக்களின் உள்ளே நடைபெறுவதை அறிந்துகொண்டால், இவ்விரு கூற்றுகளுமே பாதி உண்மைகள் என்பது விளங்கும்.

மனிதரின் மரபுத் தொகுதியில் புரதங்களை ஆக்கும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000 உள்ளன. கல்லீரல் அணுவிடம் இருப்பதும் மூளை அணுவிடம் இருப்பதும் அடிப்படையில் ஒரே நூல்தான். ஆயினும் ஒன்று பித்தநீரைச் சுரக்கிறது. மற்றொன்று நினைவைச் சுமக்கிறது. அந்த நூலின் எந்தப் பக்கம் எப்போது படிக்கப்படுகிறது, எந்தப் பக்கம் தைத்து மூடப்படுகிறது என்பதில்தான் வேறுபாடு உள்ளது. ஒரே நரம்பணுவிலும்கூட, குழந்தைப் பருவத்தில் திறந்திருந்த பக்கம் பின்னர் மூடப்படுவதுண்டு. மூளையிலுள்ள ஏற்பிகளின் வரலாறு இதற்குச் சிறந்த சான்றாகும்.

ஏற்பி என்பது நரம்பணுவின் மேற்சவ்வில் அமைந்த ஒரு புரதம். அடுத்த நரம்பணு சுரக்கும் வேதிப்பொருள் வந்து பொருந்தும் இடம் அது. மூளையில் தூண்டுதலைக் கடத்தும் முதன்மையான வேதிப்பொருள் கிளூட்டமேட். அதை ஏற்கும் புரதங்களுள் என்.எம்.டி.ஏ. ஏற்பி தனித்தன்மை வாய்ந்தது. அதன் வாயிலை மக்னீசியம் அயனி ஒன்று அடைத்துக்கொண்டிருக்கிறது. கிளூட்டமேட் வந்து சேர்வது மட்டும் போதாது. அதே வேளையில் ஏற்கும் நரம்பணுவும் கிளர்ச்சியுற்றிருக்க வேண்டும். அப்போதுதான் அடைப்பு விலகிக் கால்சியம் உள்ளே பாயும். இரு நரம்பணுக்கள் ஒருசேர இயங்கியதை உணர்ந்து, அவற்றின் இணைப்பை வலுவாக்கும் வேலையை இந்தக் கால்சியம் தொடங்கி வைக்கிறது. கற்றலுக்கும் நினைவுக்கும் இது இன்றியமையாதது.

இந்த ஏற்பி நான்கு துணைப்புரதங்களால் ஆனது. அவற்றுள் இரண்டு எப்போதும் ஒரே வகையின. மற்ற இரண்டும் பருவத்திற்கேற்ப மாறுபடுகின்றன. பிறந்த எலிக்குட்டியின் மூளைப் புறணியில் 2பி எனப்படும் வகையே மிகுந்திருக்கும். பிறப்பிற்குப் பிந்தைய வாரங்களில் 2ஏ எனப்படும் வகை பெருகி, பல இணைப்புகளில் முன்னதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மனித மூளையிலும் பிறப்பிற்குப் பின் 2ஏ வகை பெருகுகிறது. 2பி கொண்ட வாயில் நெடுநேரம் திறந்திருக்கும். 2ஏ கொண்டது விரைவில் மூடிக்கொள்ளும். எனவே இளம் மூளை சிறு தூண்டுதலையும் பற்றிக்கொண்டு தன் இணைப்புகளை மாற்றியமைக்கிறது. முதிர்ந்த மூளையோ பெற்றதை நிலைநிறுத்துவதில் நாட்டம் கொள்கிறது.

2பி வகைக்கான மரபணு மனிதரின் 12ஆம் குரோமோசோமிலும், 2ஏ வகைக்கானது 16ஆம் குரோமோசோமிலும் உள்ளன. இவற்றின் எழுத்துகளிலேயே பிழை நேர்ந்தால் அறிவுத்திறன் குறைபாடும் வலிப்பு நோயும் தோன்றக்கூடும் என்பதை 2010இலும் அதற்குப் பின்னும் வெளிவந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே நூல் செம்மையாக இருப்பது இன்றியமையாதது. ஆனால் நூல் செம்மையாக இருந்தால் மட்டும் போதுமா? உரிய காலத்தில் உரிய பக்கத்தை மூடவும் திறக்கவும் ஒரு கை வேண்டாமா?

அத்தகைய கைகளுள் ஒன்று 1995இல் அமெரிக்காவின் இரு ஆய்வுக் குழுக்களால் தனித்தனியே கண்டறியப்பட்டது. ‘ரெஸ்ட்’ எனப் பெயரிடப்பட்ட அப்புரதம், மரபணுக்களின் அருகிலுள்ள ஏறத்தாழ 21 எழுத்துகள் கொண்ட ஒரு தொடரை அடையாளம் கண்டு அதன்மீது அமர்கிறது. பின்னர் வேறு சில நொதிகளை அங்கு வரவழைக்கிறது. அந்நொதிகள், டி.என்.ஏ. இழை சுற்றப்பட்டுள்ள ஹிஸ்டோன் புரதங்களின் வேதிக் குறிகளை மாற்றுகின்றன. இழை இறுகிச் சுருண்டு, அந்த மரபணு படிக்கப்படாமல் போகிறது. அதன் ஓர் எழுத்தும் அழிவதில்லை. பக்கம் மட்டும் தைக்கப்படுகிறது. நரம்பணு அல்லாத அணுக்களில் நரம்பணுவுக்குரிய மரபணுக்கள் பேசாதிருக்கச் செய்வதே ரெஸ்டின் பணி என முதலில் கருதப்பட்டது. நரம்பணு உருவாகும்போது அதன் அளவு குறைந்துவிடுகிறது.

ஆனால் அதன் பணி அத்துடன் முடிந்துவிடவில்லை. பிறந்து சில வாரங்களே ஆன எலிக்குட்டிகளில், நினைவுக்கு அடிப்படையான ஹிப்போகாம்பஸ் பகுதியின் நரம்பணுக்களில், ரெஸ்ட் ஒரு குறுகிய காலத்திற்கு மீண்டும் ஓங்குகிறது என்பதை 2012இல் வெளியான ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. அப்போது அது 2பி மரபணுவின்மீது அமர்ந்து அதை அடக்குகிறது. 2ஏ வகை மேலோங்க வழி பிறக்கிறது. அதே ஆய்வில், தாயின் அரவணைப்பு தடைப்பட்ட குட்டிகளிடம் ரெஸ்ட் உரியவாறு ஓங்கவில்லை. ஏற்பியின் மாற்றமும் நிறைவேறவில்லை. மரபணு குறையற்றிருந்தும், புறத்திலிருந்து வர வேண்டிய செய்தி வராமையால் அதன் நடத்தை மாறியது.

அந்தச் செய்தி தாயின் வடிவில்தான் வர வேண்டும் என்பதில்லை. பார்வைப் புறணியில் ஒளியே செய்தியாகிறது. பிறந்தது முதல் இருளிலேயே வளர்க்கப்பட்ட எலிகளில் 2பி வகையிலிருந்து 2ஏ வகைக்கான மாற்றம் தாமதப்படுகிறது. அவற்றை ஒளிக்குக் கொண்டுவந்ததும், சில மணி நேரத்திற்குள்ளாகவே புதிய 2ஏ புரதங்கள் இணைப்புகளில் இடம்பெறத் தொடங்கின என்பதை 1999இல் வெளியான ஆய்வு காட்டியது. கண் திறந்து காண்பதும் மூளையைக் கட்டும் வேலையே என இதனால் அறிகிறோம்.

தாயின் அரவணைப்பு எட்டும் ஆழத்தைக் காட்டும் வேறோர் ஏற்பியும் உண்டு. மன அழுத்தத்தின்போது சுரக்கும் ஹார்மோனை மூளையில் ஏற்று, ‘போதும், சுரப்பை நிறுத்துக’ எனத் தெரிவிக்க உதவும் ஏற்பி அது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட ஆய்வின்படி, தாய் எலி மிகுதியாக நக்கி நீவி வளர்த்த குட்டிகளில் இந்த மரபணுவின் முகப்பில் மீதைல் குறிகள் குறைவாக இருந்தன, ஏற்பிகள் மிகுந்திருந்தன, அவை அழுத்தத்தைத் தணித்துக்கொள்வதில் வல்லவையாயின. குட்டிகளை இடம்மாற்றி வளர்த்தபோது, பெற்ற தாயை ஒட்டியல்ல, வளர்த்த தாயை ஒட்டியே குறிகள் அமைந்தன. பிறந்த முதல் வாரத்திலேயே தோன்றிய இவ்வேறுபாடு வளர்ந்த பின்னரும் நீடித்தது. எனினும், வளர்ந்த எலிகளின் மூளையில் ஒரு மருந்தைச் செலுத்தி அக்குறிகளை மாற்றவும் முடிந்தது.

எலியிடம் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்துவது முறையாகாது. மனித மூளை முதிர்ச்சியடைய ஆண்டுகள் பல ஆகின்றன. அதன் சூழலும் சிக்கலானது. குழந்தையிடம் காணப்படும் ஒவ்வொரு குறைக்கும் தாயின் கவனக்குறைவே காரணம் எனக் குற்றஞ்சாட்டுவதற்கு இவ்வாய்வுகளில் இடமில்லை. மாறாக, பாலூட்டும் தாய்க்கு ஓய்வும் ஆதரவும் அளிக்க வேண்டிய கடமை குடும்பத்திற்கும் சமூகத்திற்கும் உண்டு என்பதையே இவை வலியுறுத்துகின்றன.

இவ்வறிவு நேரடியாகப் பயன்படும் இடம் ஒன்றைச் சுட்டுவோம். பிறவிக் கண்புரையுடன் பிறக்கும் குழந்தையின் மூளைக்கு ஒளியின் செய்தி தெளிவாகச் சென்று சேர்வதில்லை. ஒரு கண்ணில் மட்டும் அடர்ந்த புரை இருப்பின், ஏறத்தாழ 6 வாரங்களுக்குள் அறுவை செய்யப்படும்போதே பார்வை நன்கு அமைய வாய்ப்பு மிகுதி. ‘குழந்தை வளரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என ஒத்திப்போடுவது, கண் சீரான பின்னரும் மூளை காணக் கல்லாத நிலையை உண்டாக்கக்கூடும். குழந்தையின் கண்மணியில் வெண்மை தென்பட்டால் அன்றே கண் மருத்துவரை நாடுவது நம் பொறுப்பாகும்.

காலம் கடந்துவிட்டதென்று கைவிடுவதும் தவறே. பவன் சின்ஹா என்னும் நரம்பியல் அறிஞர் வட இந்தியாவில் தொடங்கிய ‘பிரகாஷ்’ திட்டத்தின் வாயிலாக, பல ஆண்டுகள் பார்வையின்றி வளர்ந்த சிறுவர்க்கும் அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. பார்வைக் கூர்மை முழுமையாக வாய்க்காவிடினும், பொருள்களைப் பிரித்தறியவும் முகங்களை இனங்காணவும் அவர்களுள் பலர் படிப்படியாகக் கற்றனர்.

‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ என்பது நம் முன்னோர் கேட்ட கேள்வி. ஐந்தில் வளைவது எளிது என்பதற்கு நரம்பணுவின் ஏற்பிகளே சான்று கூறுகின்றன. ஐம்பதில் வளைவது அரிது, ஆனால் இயலாததன்று. தைத்து மூடப்பட்ட பக்கத்திலும் எழுத்துகள் அழியாமல் இருக்கின்றன.