வீதியே களமான பந்தயம்

திருப்பதி, சித்தூர் வாழ் தமிழன்பர்களுள் முதியோர்க்கு மோட்டார் பந்தயம் என்றதும் சோழவரம் நினைவில் எழும். போர்க்கால விமானத்தளம் அது. பின்னர், 1990-இல், இருங்காட்டுக்கோட்டையில் தனித்தடம் அமைந்தது. சென்னை வீதியே களமானது 2024-இல்தான்.

தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர், அண்ணா சாலையும் நேப்பியர் பாலமும் அதில் அடங்கும். தனித்தடத்தில் பிசகிய கார் ஒதுங்க வெளியுண்டு. வீதியிலோ எதிர்நிற்பது சுவர். ஆகவே இருமருங்கும் கான்கிரீட் தடுப்புகளும் கம்பிவலைகளும் வேண்டியிருந்தன.

2023 டிசம்பரில் நடக்கவிருந்ததை மிக்ஜாம் புயல் தடுத்தது. பெருமருத்துவமனைகள் அருகிருக்க இவ்வளவு இரைச்சல் தகுமா என்று வழக்கும் எழுந்தது, நியாயமான கேள்விதான். உயர்நீதிமன்றம் நிபந்தனைகளுடன் இசைந்தது. 2024 ஆகஸ்டு 31 அன்று மழையால் பாதுகாப்புச் சான்று தாமதித்தது. திரண்டிருந்த மக்கள் நெடுநேரம் காத்திருந்த பின்னரே விளக்கொளியில் கார்கள் பாய்வதைக் கண்டனர்.