வயரின் மேலுறையில் இத்தனை சேர்மானமா?

வீடு கட்டும்போது சிமெண்ட் என்ன ரகம், கம்பி என்ன விலை, டைல்ஸ் வழுக்குமா என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்கிறோம். சுவருக்குள் ஓடும் வயரைப் பற்றி மட்டும், "உள்ளே செம்புதானே?" என்பதோடு சரி. செம்பு மின்சாரத்தைக் கொண்டு வருகிறது, வாஸ்தவம். அந்த மின்சாரம் நம்மீது பாயாமல் காப்பது மேலே இருக்கும் பிளாஸ்டிக் உறை அல்லவா? அது வெறும் பிளாஸ்டிக் என்று நினைத்தால், அதுதான் இல்லை! சாம்பாரில் பருப்பு எப்படியோ, அப்படித்தான் அதில் பிளாஸ்டிக். மற்றதெல்லாம் சேர்மானம்.

எங்கள் வேப்பம்பட்டில் ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் ஊறிப்போகும். போன கார்த்திகையில் மின்கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. நாளுக்கு நான்கு முறை விழுந்தது. எலக்ட்ரீஷியன் தம்பி மெக்கர் என்ற கருவியை வைத்துப் பார்த்தார். 500 வோல்ட் கொடுத்து, உறை எவ்வளவு தடுக்கிறது என்று அளக்கும் கருவி அது. ஒரு மெகோமுக்காவது மேலே காட்ட வேண்டிய சமையலறை லைன், அதற்குக் கீழே கிடந்தது. வயரை உருவினால் உறை அப்பளமாக நொறுங்குகிறது. இருபது வருஷத்துக்கு மேலான வயர்.

என் நாத்தனாரின் கணவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வயர் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர். "மழை வெளியேதானே அண்ணா பெய்யுது, உள்ளே இருக்கிற வயருக்கு என்ன வந்தது?" என்று கேட்டேன். "உறையிலே என்ன கலந்திருக்காங்க, அது இப்போ எவ்வளவு மிச்சம் இருக்குங்கறதுதாம்மா விஷயம்" என்று ஆரம்பித்தார்.

உறை பி.வி.சி.யால் ஆனது. தண்ணீர்க் குழாயும் பி.வி.சி.தான். குழாய் விறைப்பாக நிற்கிறது, வயர் வளைகிறது. எதனால்? வயரில் எண்ணெய் சேர்க்கிறார்கள். டி.ஓ.பி. போன்ற எண்ணெய், நூறு பங்கு பி.வி.சி.க்கு நாற்பது, ஐம்பது பங்கு கூட. 1926-ல் அமெரிக்காவில் வால்டோ செமோன் என்பவர் கண்டுபிடித்த உபாயம் இது. ஆனால் எண்ணெய் சேரச் சேர உறைக்குள் மின்னேற்றம் கொண்ட துகள்கள் நகர இடம் கிடைக்கிறது. மின்சாரத்தைத் தடுக்கும் சக்தி குறைகிறது. சூடேறினால் இன்னும் குறையும். ஆகவே அளவு தெரிந்து சேர்க்க வேண்டும், நாம் மாவில் தண்ணீர் விடுகிற மாதிரி.

அந்த எண்ணெய் உள்ளேயே அடங்கியும் இருப்பதில்லை. வருஷக்கணக்கில் சூடுபட்டால் ஆவியாகிவிடும். உறை காய்ந்து வெடிக்கும். விரிசலில் ஈரம் இறங்கும். எங்கள் வயருக்கு நேர்ந்தது அதுதான். இங்கிலாந்தில் 1960-களின் பிற்பகுதியில் போட்ட வயர்கள் சிலவற்றில், எண்ணெய் செம்போடு சேர்ந்து பச்சைப் பிசினாக ஸ்விட்ச் பெட்டிக்குள் வழிந்ததாம்! அவ்வளவு தூரம் போவானேன், கொலு முடிந்ததும் சீரியல் விளக்கு வயரைத் தெர்மோகோலோடு கட்டிப் பரணில் போட்டுப் பாருங்கள். அடுத்த நவராத்திரிக்குள் வயர் தெர்மோகோலை அரித்துப் பள்ளம் பறித்திருக்கலாம். எண்ணெய் அதற்குள் இறங்கிவிடுவதால்தான். இனிமேல் தனித்தனியாக வையுங்கள்.

அடுத்த சேர்மானம்தான் எனக்கு ரொம்ப ஆச்சரியம். பி.வி.சி.யைச் சூடாக்கினால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கிளம்பும்; பாத்ரூம் கழுவுகிறோமே, அந்த ஆசிட்தான். அதைப் பிடித்து வைக்க முன்பெல்லாம் ஈய உப்புகளைக் கலந்தார்கள். ஈயம் அமிலத்தோடு சேர்ந்து உண்டாகும் உப்பு தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. ஆகவே மின்சாரம் கசிய வழி தராது. மின்சாரக் கணக்கில் ஈயம் நல்ல பிள்ளை. குழந்தையின் மூளைக்கோ அது நஞ்சு. ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் 2015-க்குள் ஈயத்தைக் கைவிட்டார்கள். நம் நாட்டில் பி.வி.சி. குழாய்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்த 2021-ல் விதி வந்தது.

ஈயத்துக்குப் பதில் கால்சியமும் துத்தநாகமும் போடலாம். ஆனால் அவை அமிலத்தோடு சேர்ந்து தரும் உப்பு, மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிகிறதே, அந்த மாதிரி ஈரத்தை இழுக்கும். ஈரம் வந்தால் கசிவும் வரும். அதை ஈடுகட்ட வேறு தூள்களும் கணக்காகச் சேர்க்க வேண்டும். நல்ல கம்பெனி சேர்க்கும். கள்ள வயர் செய்கிறவன் ஏன் சேர்க்கப் போகிறான்?

சுண்ணாம்புத் தூளும் சேர்மானம்தான். அளவோடு போட்டால் தப்பில்லை. விலையைக் குறைக்க அள்ளிக் கொட்டினால் உறை பலவீனமாகிவிடும். சுட்ட வெண்களிமண் போட்டாலோ, திரியும் துகள்களைப் பிடித்து வைத்து மின்தடையைக் கூட்டுமாம். அப்புறம் 'எஃப்.ஆர்.' என்று அச்சடித்திருக்கிறதே, அது சுலபத்தில் தீ பரவாமலிருக்கச் சேர்த்தது. 'எஃப்.ஆர்.எல்.எஸ்.' என்றால் புகையும் குறைவு. தீ விபத்தில் முதலில் மூச்சை அடைப்பது புகைதான். சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் இதற்குக் கூடுதலாகக் கொடுப்பது வீண் செலவு இல்லை என்பேன்.

இத்தனையையும் கடையில் நாம் சோதிக்க முடியுமா? முடியாது. வயர் மேலேயே ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 694 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பார்க்கலாம். ஈயமில்லாத வயர் கேட்டு வாங்கலாம். சாதாரண பி.வி.சி. வயர் 70 டிகிரி சூடு வரைதான் தாங்கும். கீசருக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருட்டியபடியே மாட்டாதீர்கள். பழைய வீடானால் மழைக்கு முன் மெக்கர் சோதனை செய்யச் சொல்லுங்கள். ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறதென்று அதைக் கழற்றி நேரே இணைக்கச் சொல்லும் புத்திசாலிகளும் உண்டு. வேண்டவே வேண்டாம்! 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே உயிர் காக்கத் துண்டிப்பது அது.

தவழும் பிள்ளை கையில் எட்டினதை வாயில் வைக்கும். வயர்த் துண்டு கிடந்தால் உடனே எடுத்துவிடுங்கள், பழையதில் ஈயம் இருக்கும்.

உருவிய வயரைச் செம்புக்காகக் கொல்லையில் கொளுத்தப் போனார் தம்பியின் உதவியாள். அந்தப் புகையில் ஆசிட்டும் டையாக்சின் என்ற கொடிய நஞ்சும் வரும் என்று சொல்லி, பிளேடு எடுத்துக் கொடுத்தேன். முணுமுணுத்துக்கொண்டே உரித்தார். ஒரு மணி நேரம் ஆயிற்று, இரண்டு டம்ளர் காபியும் ஆயிற்று.