பாஸ்டனின் ஆறு கண்ணாடிக் கோபுரங்கள்

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், ஃபேனியுல் ஹால் என்ற பழைய சந்தைக் கட்டடத்துக்கு அருகே, காங்கிரஸ் தெருவை ஒட்டிய பூங்காவில் ஆறு கண்ணாடிக் கோபுரங்கள் ஒரே வரிசையில் நிற்கின்றன. ஒவ்வொன்றும் 54 அடி உயரம். ஹிட்லரின் ஆட்சியில் கொல்லப்பட்ட 60 லட்சம் யூதர்களின் நினைவாக எழுப்பப்பட்ட இதன் பெயர் நியூ இங்கிலாந்து ஹோலோகாஸ்ட் (யூத இனப்படுகொலை) நினைவகம். 1995 அக்டோபரில் இது திறக்கப்பட்டது. நினைவுச்சின்னம் என்றால் கருங்கல்லும் வெண்கலமும்தான் வழக்கம். இங்கே ஒரு கல்லெறியைக்கூடத் தாங்காத கண்ணாடி தெரிந்தே தேர்ந்தெடுக்கப்பட்டது. இந்தப் படைப்பின் பொருளே அந்தத் தேர்வில்தான் இருக்கிறது.

நினைவகத்துக்கு வித்திட்டவர் ஸ்டீபன் ராஸ். போலந்தின் லோட்ஸ் நகரில் பிறந்தவர். ஒன்பது வயதில் ஹிட்லரின் நாஜிகளிடம் சிக்கி, ஐந்து ஆண்டுகளில் பத்து வதைமுகாம்களில் அடைபட்டுக் கிடந்தார். 1945 ஏப்ரலில் டாஹாவ் முகாமை அமெரிக்கப் படை மீட்டபோது எலும்பும் தோலுமாக வெளியே வந்தார். வழியில் ஒரு படைவீரர் அவருக்குத் தன் உணவைக் கொடுத்தார். கண்ணீரைத் துடைத்துக்கொள்ளத் துணி ஒன்றையும் நீட்டினார். அது ஒரு சிறிய அமெரிக்கக் கொடி. ராஸ் அதைக் கடைசிவரை பத்திரமாக வைத்திருந்தார். 1948இல் அமெரிக்கா வந்த அவர், பாஸ்டன் மாநகர நிர்வாகத்தில் இளைஞர்களுக்கு வழிகாட்டும் பணியில் பல ஆண்டுகள் இருந்தார். தன்னைப் போலவே உயிர்தப்பி அந்நகரில் குடியேறியவர்களோடு சேர்ந்து இந்த நினைவகத்துக்கு முயற்சி எடுத்தார். 2020இல் காலமானார்.

வடிவமைப்புக்காக நடந்த பன்னாட்டுப் போட்டிக்கு 500க்கும் மேற்பட்ட வரைவுகள் வந்தன. அவற்றில் தேர்வானது, தென்னாப்பிரிக்காவில் பிறந்து சான் ஃபிரான்சிஸ்கோவில் பணிபுரியும் கட்டடக் கலைஞர் ஸ்டான்லி சைட்டோவிட்ஸின் வரைவு. ஆறு என்ற எண்ணை அவர் அடிப்படையாகக் கொண்டார். கொல்லப்பட்ட யூதர்கள் அறுபது லட்சம். கொல்வதற்காகவே நாஜிகள் போலந்தில் நடத்திய முகாம்கள் ஆறு: ஆஷ்விட்ஸ்-பிர்கெனாவ், ட்ரெப்ளிங்கா, சோபிபோர், பெல்செக், மைதானெக், ஹெல்ம்னோ. ஒவ்வொரு கோபுரமும் ஒரு முகாமைக் குறிக்கிறது. பார்ப்பவருக்கு அவை பிணம் எரித்த உலைகளின் புகைபோக்கிகளாகவும் தெரியலாம், இறந்தவர்களுக்காக ஏற்றிய மெழுகுவத்திகளாகவும் தெரியலாம்.

கோபுரங்களுக்குக் கீழே நடைபாதை செல்கிறது. ஒவ்வொரு கோபுரத்தின் அடியிலும் ஒரு குழி. அதன்மேல் இரும்புக் கிராதி. இருண்ட குழிக்குள் சிறு விளக்குகள் தணல்போல் மினுங்க, அங்கிருந்து நீராவி எழுந்து நடப்பவரின் மேல் படர்கிறது. தலைக்குமேல் வானம் திறந்திருக்கிறது.

ஒரு கோபுரத்தில் 24 கண்ணாடிப் பலகைகள். அவற்றில் 22 பலகைகள் முழுவதும் ஏழு இலக்க எண்கள் பொடிப்பொடியாகப் பொறிக்கப்பட்டுள்ளன. தொலைவிலிருந்து பார்த்தால் கண்ணாடி மேல் மூடுபனி படிந்ததுபோல் தோன்றும். நெருங்கினால் எண்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து தெரியும். ஆஷ்விட்ஸில் கைதிகளின் கையில் பச்சை குத்தப்பட்ட எண்களை அவை நினைவூட்டுகின்றன. உண்மையில் ரயிலிலிருந்து இறங்கியதும் நச்சுவாயு அறைக்கு அனுப்பப்பட்ட லட்சக்கணக்கானோருக்கு எண்கூட வழங்கப்படவில்லை. மனிதரிடமிருந்து பெயரைப் பறித்து எண்ணாக்கியது அந்த ஆட்சியின் கொடுமைகளில் ஒன்று. வெயில் ஏறும்போது கண்ணாடியிலுள்ள எண்களின் நிழல் நடப்பவரின் கையிலும் முகத்திலும் விழுகிறது. அந்த எண் யாருக்கு வேண்டுமானாலும் வந்திருக்கலாம் என்பது அந்தக் கணத்தில் உறைக்கிறது.

ஒவ்வொரு கோபுரத்திலும் மிஞ்சிய இரண்டு பலகைகளில் சாட்சியங்கள் இடம்பெற்றுள்ளன. அவற்றுள் ஒன்று, முகாமிலிருந்து உயிர்தப்பிய கெர்டா வைஸ்மன் க்ளைன் சொன்ன நிகழ்ச்சி. முகாமில் அவருடைய பால்யத் தோழி இல்ஸேவுக்கு ஒருநாள் ஒரே ஒரு ராஸ்பெரி பழம் கிடைத்தது. பசியில் வாடிய அந்தப் பெண் அதைத் தான் தின்னவில்லை. நாள் முழுவதும் சட்டைப்பையில் காத்து வைத்திருந்து, இரவில் ஓர் இலைமேல் வைத்துத் தோழியிடம் கொடுத்தாள். தனக்கென்று உலகில் இருந்த ஒரே பொருளை இன்னொருவருக்குக் கொடுத்த அந்த மனத்தை எந்த முகாமாலும் அழிக்க முடியவில்லை. போர் முடியும் தறுவாயில் இல்ஸே இறந்துபோனாள். கெர்டா பிழைத்து அவள் கதையைச் சொன்னார்.

கண்ணாடியின் இயல்பு இந்த நினைவகத்துக்கு நன்றாகப் பொருந்துகிறது. அழுத்தத்தைக் கண்ணாடி நன்கு தாங்கும். அதனால்தான் அதை உயரமாக அடுக்கி நிறுத்த முடிகிறது. ஆனால் உலோகம்போல் வளைந்து கொடுக்க அதற்குத் தெரியாது. மேற்பரப்பில் உள்ள நுண்ணிய கீறலில் விசை குவிந்தால் போதும், விரிசல் நொடியில் ஓடிவிடும். ஒரு சமூகத்தின் நல்லிணக்கமும் அப்படித்தான்: வலுவாக நிற்கும், கீறலைக் கவனிக்காமல் விட்டால் உடையும். அப்படி ஒரு சமூகம் உடைந்தது கண்ணாடியிலேயே தெரிந்தது: 1938 நவம்பர் 9, 10 தேதிகளில் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஆயிரக்கணக்கான யூதர் கடைகளின் கண்ணாடிகள் நாஜிகளால் நொறுக்கப்பட்டன. நூற்றுக்கணக்கான யூத வழிபாட்டுக் கூடங்கள் தீக்கிரையாயின. சுமார் 30,000 யூத ஆண்கள் முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பெருங்கொலைக்கு முன்னறிவிப்பாக அமைந்தன அந்த இரு நாள்கள்.

திறக்கப்பட்டு ஏறக்குறைய 22 ஆண்டுகள் வரை பாஸ்டன் கோபுரங்களில் ஒரு பலகையும் உடைக்கப்படவில்லை. 2017 ஜூனில் ஓர் இளைஞர் கல்லெறிந்து ஒரு பலகையை நொறுக்கினார். இப்படி ஒருநாள் நேரக்கூடும் என்று கட்டும்போதே கூடுதலாகச் செய்து வைத்திருந்த பலகைகளில் ஒன்று அங்கே பொருத்தப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் இன்னொரு பலகையை உடைத்தான். அந்த வழியாகச் சென்றவர்களே அவனைப் பிடித்துக் காவல்துறையிடம் ஒப்படைத்தனர். அந்தப் பலகையும் மாற்றப்பட்டது.

அதன் பிறகும் நினைவகத்துக்குச் சுவரோ கதவோ கிடையாது. இரவும் பகலும் எவரும் கட்டணமின்றி அதனூடே நடந்து செல்லலாம். கருங்கல்லில் கட்டியிருந்தால் யாரும் காக்காமலே அது நின்றிருக்கும். கண்ணாடி அப்படி நிற்காது. உடைந்தால் மாற்றவும், உடைப்பவரைத் தடுக்கவும் ஒவ்வொரு தலைமுறையிலும் மனிதர்கள் வேண்டும். மனித மாண்பும் தானாக நிலைப்பதில்லை, காக்கிறவர்கள் இருக்கும்வரைதான் நிலைக்கும் என்பதை இந்த நினைவகம் தன் கட்டுமானத்தாலேயே சொல்கிறது.