எந்தப் பெயரில் தேடுவது?



நினைவைப் போற்றுவதற்காகக் கூடியிருக்கிறோம். நம் மக்களிடம் நினைவுக்குப் பஞ்சமில்லை. அதற்குச் சான்று கேட்கும்போதுதான் திணறுகிறோம். 'இது எங்கள் பாட்டன் உழுத நிலம்' என்றால் வட்டாட்சியர் அலுவலகம் ஆவணம் கேட்கிறது. 'எங்களுக்கும் வரலாறு உண்டு' என்றால் பல்கலைக்கழகம் அடிக்குறிப்பு கேட்கிறது. ஒரு தலைமுறைக்கு முன் அந்த அடிக்குறிப்பைத் தேடி எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கோ லண்டனுக்கோ போகவேண்டும். போக வசதியுள்ளவர்களே பெரும்பாலும் வரலாறு எழுதினார்கள். இன்று அந்த ஆவணங்களில் ஒரு பகுதி கைப்பேசியிலேயே கிடைக்கிறது. அவற்றை எப்படித் தேடுவது, எப்படிப் படிப்பது என்பதைப் பற்றியே இங்கு பேசுகிறேன்.

முதன்மைச் சான்று எது?

ஒரு காலத்தைப் பற்றி அந்தக் காலத்தவரே விட்டுச்சென்ற பதிவு முதன்மைச் சான்று. கல்வெட்டு, அரசாணை, கடிதம், பத்திரிகை எல்லாம் இதில் அடங்கும்.

நம் ஊர் எடுத்துக்காட்டையே பார்ப்போம். உறையூர்த் திருப்பாணாழ்வார்மீது லோகசாரங்க முனிவர் கல்லெறிந்ததும், பிறகு அவரைத் தோளில் சுமந்து அரங்கன்முன் சேர்த்ததும் நாம் எல்லோரும் கேட்ட கதை. ஆழ்வார் பாடியதாக இருப்பவை 'அமலனாதிபிரான்' என்று தொடங்கும் பத்துப் பாசுரங்கள். மதுரைத் திட்டத்தின் மின்தொகுப்பில் அவை இருக்கின்றன, படித்துப் பாருங்கள். கல்லெறிந்ததும் தோளில் சுமந்ததும் அவற்றில் இல்லை. பாடியவரின் சாதியும் இல்லை. அந்தக் கதை, சில நூற்றாண்டுகள் கழித்து எழுதப்பட்ட குருபரம்பரை நூல்களில் வருகிறது.

அதற்காகக் கதையைத் தூக்கி எறிய வேண்டாம். ஆழ்வாரின் வாழ்க்கைக்கு அது முதன்மைச் சான்று ஆகாது. ஆனால் அதை எழுதிய காலத்து வைணவர்கள் தீண்டாமையை எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு அதுவே முதன்மைச் சான்று. எந்தக் கேள்விக்கு எது சான்று என்று முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

பெயர்களுக்குக் காலம் உண்டு

1819-இல் திருச்சிராப்பள்ளி ஆட்சியர் லஷிங்டன் மேலிடத்துக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். மாவட்டத்தின் நன்செய்ப் பகுதிகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பண்ணையடிமைகள் இருப்பதாகவும், புன்செய்ப் பகுதிகளில் சில நூறு பேரே இருப்பதாகவும் அதில் மதிப்பிட்டார். காவிரித் தண்ணீர் பாய்ந்த இடத்தில்தான் அடிமைமுறையும் வேரூன்றியிருந்தது. இந்திய அடிமைமுறை குறித்து 1828-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அச்சிட்ட ஆவணத் தொகுப்பில் இப்படிப்பட்ட ஆட்சியர் அறிக்கைகளைப் பார்க்கலாம்.

ஆனால் 'தலித்' என்று தேடினால் இந்த அறிக்கை வராது. அங்கே பள்ளர்கள் 'புல்லர்' என்ற எழுத்துக்கூட்டலில் கிடக்கிறார்கள். திருச்சி 'டிரிச்சினாபொலி', திருவரங்கம் 'செரிங்கம்'.

ஆகவே தேடுவதற்கு முன் ஒரு பெயர்ப்பட்டியல் தயாரியுங்கள். 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'பரையா' என்றும், 1891-இல் 'பறையன்' என்றும் எழுதியிருக்கிறார்கள். அடுத்து 'பஞ்சமர்' வருகிறது. எம்.சி. ராஜாவின் தீர்மானத்தைத் தொடர்ந்து 1922-இல் 'ஆதிதிராவிடர்' என்ற பெயரை அரசு ஏற்றது. 1935 சட்டத்துக்குப் பிறகு 'அட்டவணைச் சாதியினர்'.

துறைகளின் பெயரும் இப்படித்தான். 1920 முதல் நம் மக்கள் தொடர்பான பணிகளைக் கவனித்தவர் தொழிலாளர் ஆணையர். 1949-இல்தான் அரிசன நலத்துறை தனியாக வந்தது. இடைப்பட்ட காலக் கோப்புகளை 'தொழிலாளர் துறை' என்ற தலைப்பில் தேடவேண்டும். வாய் கூசும் பெயர்களிலும் தேட வேண்டியிருக்கும். நம்மை எந்தப் பெயரால் அழைத்தார்களோ, அந்தப் பெயரில்தான் கோப்பில் கட்டி வைத்திருக்கிறார்கள்.

எங்கே தேடுவது?

இன்டர்நெட் ஆர்க்கைவில் லூயிஸ் மூரின் திருச்சிராப்பள்ளி மாவட்டக் கையேடும் (1878), ஹெமிங்வேயின் கெசட்டியரும் (1907), பழைய மக்கள்தொகை அறிக்கைகளும் உள்ளன. தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் 24-ஆம் தொகுதி திருவரங்கம் கோயில் கல்வெட்டுகளுக்கானது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய தமிழ் நூல்களும் இதழ்களும் கிடைக்கும். தேசிய ஆவணக் காப்பகத்துக்கு 'அபிலேக் படல்' என்ற தளம் இருக்கிறது. ஒன்றை நினைவில் வையுங்கள். பழைய தமிழ் அச்சை இயந்திரம் பல இடங்களில் தப்பாகப் படிக்கிறது. தேடுபெட்டி 'இல்லை' என்று சொன்னாலும் பொருளடக்கத்தைத் திறந்து பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள்.

யாருடைய குரல்?

ஆட்சியர் அறிக்கையில் நாம் வெறும் எண்ணிக்கை. நம் குரலைக் கேட்க நம் இதழ்களுக்குப் போகவேண்டும். இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அயோத்திதாசர் 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். அயோத்திதாசரின் எழுத்துகளை ஞான. அலாய்சியஸ் தொகுத்ததால் அவை நம் கைக்கு வந்தன. அந்தக் காலத்துத் தலித் இதழ்கள் பலவற்றின் பிரதிகள் காணாமல் போயின. ஆனால் சுதேசி இதழ்களைக் கண்காணிக்க ஆங்கில அரசு தயாரித்த சுருக்க அறிக்கைகளில் அவற்றின் செய்திகள் ஆங்காங்கே தங்கியிருக்கின்றன. வேவு பார்த்தவனின் குறிப்பிலிருந்து நம் பேச்சை மீட்கிற வேலை இது. அந்தக் குறிப்பை எழுதியவன் எதை விட்டிருப்பான் என்றும் கேட்டுக்கொண்டே படியுங்கள். 1869 முதல் 1943 வரையிலான தலித் இதழ்களைப் பற்றிய ஜெ. பாலசுப்பிரமணியத்தின் நூல் இதற்கு நல்ல வழிகாட்டி.

இணையம் முடியும் இடம்

செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமன்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கையும், 1892-இல் வந்த 1010-ஆம் எண் அரசாணையும் பஞ்சமி நில வரலாற்றின் தொடக்கப் புள்ளிகள். அவை பஞ்சமி நிலம் ஏன் வந்தது என்று சொல்லும். உங்கள் ஊரின் இன்ன புல எண் யாருக்கு ஒப்படைக்கப்பட்டது என்று சொல்லாது. அதற்கு அ-பதிவேடும் செட்டில்மெண்ட் பதிவேடும் வேண்டும். அங்கே 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம்தான் நம் கருவி. பழைய பதிவேட்டில் இருந்த பெயர் எந்த ஆண்டில், எந்த உத்தரவால் மாறியது என்பதைக் கண்டுபிடித்தால் பாதி வழக்கு முடிந்த மாதிரி.

எந்த ஆவணம் கிடைத்தாலும் தலைப்பு, ஆண்டு, தொகுதி, பக்கம், கோப்பு எண் ஆகியவற்றை அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். கோப்பைப் பதிவிறக்கி இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். இன்று இருக்கும் இணைப்பு நாளை இருக்காது. வாட்ஸப்பில் வந்த ஒரு பக்கத்தின் படத்தை மட்டும் நம்பி மேடையேறாதீர்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதை ஒரே கேள்வியில் உடைத்துவிடுவார்.

மாணவ நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆளுக்கு ஓர் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஊர் கெசட்டியரில் எப்படி வருகிறது, பதிவேட்டில் எப்படி வருகிறது என்று பாருங்கள். சேரியின் மூத்தவர்கள் சொல்வதை நாளும் இடமும் குறித்து ஒலிப்பதிவு செய்யுங்கள். அதுவும் முதன்மைச் சான்றுதான். ஆவணங்கள் நூறு ஆண்டு காத்திருந்தன. மூத்தவர்களால் அப்படிக் காத்திருக்க முடியாது.